பதினேழாம் எண்ணின் மூச்சு

திருப்பூர்ப் பக்கத்து மங்கலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தார்ச்சாலை முடிந்து மண்தடம் ஆரம்பிக்கும். அந்தத் தடத்தின் கடைசியில் ஒரு பழைய விசைத்தறிக் கொட்டகை இருக்கிறது. தறிகளைப் பெயர்த்து விற்றுப் பல வருடங்களாகிவிட்டன. அவை நின்ற இடத்தில் தரையில் குழிகள் மட்டும் மிச்சம். இப்போது அது வேஸ்ட் குடோன். திருப்பூர் பனியன் கம்பெனிகள் வெட்டிப்போடும் துண்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பிரித்த துணியை ஒரு மிஷின் இரும்புப் பல்லால் கிழித்து மறுபடியும் பஞ்சாக்கும். பஞ்சு லாரி ஏறிப் போய்விடும். போகாமல் அங்கேயே தங்கிவிடுவது தூசிதான். உத்தரத்தில், சிலந்தி வலைகளில், பெண்களின் புருவங்களில், அவர்கள் நெஞ்சுக்குள்.

அனுப்ரியா வாடகைக் காரிலிருந்து இறங்கியபோது பகல் பதினொரு மணி. கையில் கருவிப் பெட்டி, தோளில் லேப்டாப் பை. இது மூன்றாவது வருகை, கடைசி வருகையும்கூட. இன்றோடு கணக்கெடுப்பு முடிந்தால் வருகிற தை மாதத்துக்குள் ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடமாக அவள் இழுத்துக்கொண்டிருக்கும் முனைவர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆய்வு எளிமையானது. நாற்பது பெண்கள். அதே நாற்பது பேரின் மூச்சை இரண்டு வருடத்தில் மூன்று முறை அளந்து, தூசி நுரையீரலை எவ்வளவு வேகத்தில் சுருக்குகிறது என்று பார்ப்பது. கருவியும் சின்னதுதான். அட்டைக்குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். ஊத ஊதத் திரையில் ஒரு கோடு குன்றைப்போல ஏறி இறங்கும். பெண்கள் அதை ‘ஊதுற மிஷின்’ என்பார்கள்.

"வாங்க மேடம்." சூப்பர்வைசர் ஜெயபாண்டி ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். தேனிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடமாக இங்கேயே இருந்தும் பேச்சு மாறவில்லை. "போன தடவ உக்காந்த அதே ரூமத்தான் கூட்டி வச்சிருக்கேன்."

கொட்டகையின் பின்கோடியில் இருந்தது அந்த அறை. ஒருகாலத்தில் நூல் அடுக்கிவைத்த இடம். ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் சாய்ந்த தூண்போல இறங்கி, நடுவில் கிடந்த முக்காலிமேல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தில் பஞ்சுத்துகள்கள் மிதந்தன. அறைக்குள் ஈரத்துணி வாடை. அதோடு கலந்து தலைவலித் தைலத்தின் வாடையும்.

மேஜைமேல் லேப்டாப்பை வைத்துப் பட்டியலைத் திறந்தாள். ஆய்வில் பெயர்கள் இருக்காது. ஒன்றிலிருந்து நாற்பதுவரை எண்கள்தான்.

"முப்பத்தொம்பது பேருதான் மேடம் இருக்காக" என்றார் ஜெயபாண்டி. அவர் அறைக்குள் வரவில்லை. வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"யாரு வரலீங்க?"

"பதினேழு. பழனாத்தாக்கா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக்கா செத்துப்போச்சு மேடம். வைகாசியில. டி.பி.ன்னாக. கண்டுபிடிச்சப்பவே முத்திப்போச்சாம்."

அனுப்ரியா பட்டியலில் பதினேழாம் எண்ணைத் தேடினாள்.

அவளுக்கு முகம் ஞாபகம் வரவில்லை. கோடுதான் ஞாபகம் வந்தது.

போன தை மாதம், இரண்டாவது அளவீட்டில், பதினேழாம் எண்ணின் கோடு எழும்பவே இல்லை. முந்தின அளவில் பாதிகூடத் தேறாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் ஊதச் சொன்னாள். அதேதான். இப்படி ஓர் அளவு வந்தால் உடனே அந்த ஆளிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. முதல்முறை வந்தபோது அனுப்ரியாதான் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பழனாத்தாள் தலையாட்டிக் கேட்டு, கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

ஆனால் குடோன் முதலாளி அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தார். யாருக்கு என்ன அளவு என்று தொழிலாளிகளிடம் மூச்சுவிடக் கூடாது. நெறியாளர் வேல்குமார் சரியென்று தலையாட்டிவிட்டார். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்குப் போன காகிதத்தில் அந்த நிபந்தனை இல்லை.

அன்று அனுப்ரியா வெளியே போய் அவருக்குப் போன் போட்டாள். "ஒருத்தருக்குச் சொன்னா நாப்பது பேரும் கேப்பாங்க அனு" என்றார். "முதலாளி கதவச் சாத்திருவாரு. அந்தம்மா வேலைய விட்டு நின்னுட்டாலும் நமக்கு ஒரு ஆள் போச்சு. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. முடிஞ்சப்பறம் எல்லார்த்துக்கும் சேத்தி ரிப்போர்ட் குடுத்துக்கலாம்."

அவள் அறைக்குத் திரும்பினாள். பழனாத்தாள் தைல வாடையோடு முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாயில் கட்டிய துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மார்க்குக்குக் காத்திருப்பதுபோல அனுப்ரியாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, எம்பட நெஞ்சு நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க அக்கா."

ஒரு விநாடிகூட யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. அவ்வளவு லேசாக வந்தது.

இப்போது மறுபடியும் வெளியே போய் வேல்குமாருக்கே போன் போட்டாள். பழனாத்தாள் இறந்ததைச் சொன்னாள். "தொடர்பில் இல்லைன்னு போட்டுக்கோ" என்றார். "எறந்துட்டாங்கன்னு போட்டா காரணம் கேப்பாங்க. தொடர்பில் இல்லை. அது பொய்யும் இல்ல பாரு."

திரும்பி வந்து பதினேழுக்கு நேராக ‘தொடர்பில் இல்லை’ என்று தட்டிச் சேமித்தாள்.

கருவி பீப் என்றது.

யாரோ ஊத ஆரம்பித்தால் மட்டும் எழும் ஒலி அது. முக்காலி காலியாகத்தான் இருந்தது. அனுப்ரியா ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். பழைய கருவி, அப்படித்தான் இருக்கும்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோரும் முக்காலியைப் பார்த்துத் தயங்கினார்கள். ஒருத்தி முந்தானையால் அதைத் தட்டிவிட்டு, நுனியில் ஒட்டி உட்கார்ந்தாள். போன தடவை சிரிப்பும் கேலியுமாகக் கிடந்த இடம். இந்தத் தடவை ஒருத்தர்கூட அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று தடவை ஊதினார்கள், எழுந்தார்கள், வாசலை நோக்கி வேகமாக நடந்தார்கள். வெளியே மிஷின் ஓயாமல் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் போக, பதினாறாம் எண் முடிந்தபோது மணி இரண்டரை. அடுத்தது பதினெட்டு. அனுப்ரியா பழைய அட்டைக்குழாயைக் கழற்றிப் போட்டு, புதிய உறையைப் பிரித்துப் புதுக் குழாயை மாட்டினாள்.

மாட்டிய விரலில் ஈரம் பட்டது.

குழாயின் வாய் நனைந்திருந்தது. யாரோ இப்போதுதான் உதட்டிலிருந்து எடுத்ததுபோல. விளிம்பில் மெல்லிய சாம்பல்நிறப் பஞ்சிழை ஒட்டியிருந்தது.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றைப் பிரித்தாள். அதற்குள் முக்காலியில் வந்து உட்கார்ந்திருந்த பதினெட்டாம் எண் பெண் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"நெஞ்சு நிறைய இழுங்க. ம், ஊதுங்க. விடாதீங்க, விடாதீங்க... நாலு, அஞ்சு, ஆறு. போதுமுங்க."

அந்தப் பெண் குழாயை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் கோடு நிற்கவில்லை.

ஏழு விநாடி. எட்டு. ஒன்பது.

"நிறுத்துங்க அக்கா."

"நான் அப்பவே நிறுத்திட்டேனுங்களே" என்றாள் அந்தப் பெண். அவளும் திரையைப் பார்த்தாள். தரையோடு தரையாக, எழும்பாமல், அறுந்தும் போகாமல் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. அந்தப் பெண் குழாயைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து ஓடியே போய்விட்டாள்.

பத்தொன்பதாம் எண் வரவில்லை. ஜெயபாண்டி வந்தார். இப்போதும் வாசற்படிதான்.

"இனி யாரும் உள்ள வரமாட்டேங்குறாக மேடம்."

"ஏனுங்க?"

அவர் அறையின் நடுவே ஒருதரம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "உங்ககிட்ட என்னத்த மறைக்க. தை மாசம் நீங்க வந்துட்டுப் போனதுலருந்து அந்தக்கா தெனமும் சோத்து நேரத்துல இங்கனதான் வந்து உக்காரும். தனியா உக்காந்து ஊதிப் பழகும். ஒரு பேப்பரச் சுருட்டி வச்சுக்கிட்டு, ஆறு எண்ணுற வரைக்கும். ‘என்னக்கா இது கூத்து’ன்னு கேட்டேன். ‘போன தடவ சரியா ஊதலீங்க, அந்தப் பொண்ணு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அடுத்த தடவ வர்றப்ப நல்லா ஊதிக் காட்டோணும்’னுச்சு."

அனுப்ரியா முக்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரத்தமா இருமும். ஆசுபத்திரிக்குப் போக்கான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். ‘மிஷின் வச்சுப் பாத்த படிச்ச பொண்ணே நல்லா இருக்குதுன்னு சொல்லிருச்சு, வெறும் சளிதான்’னு சொல்லிரும். வைகாசியில செத்துச்சு." குரலைத் தாழ்த்தினார். "அதுக்கப்பறமும் சோத்து நேரத்துல இந்த ரூமுல சத்தம் கேக்குதுங்கிறாக. நான் நம்பல. ஒரு நா நானே கேட்டேன்."

அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

கிழிக்கும் மிஷின் முனகி முனகி அடங்கியது. நாளெல்லாம் காதில் அறைந்துகொண்டிருந்த சத்தம் நின்றதும் ஒரு பெரிய வெறுமை கொட்டகை முழுக்க இறங்கியது. ஜெயபாண்டி, "ஜெனரேட்டரப் பாக்குறேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பட்டப்பகல். கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அனுப்ரியா லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள். மீதி அளவுகளை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். மூடியில் கை வைத்தாள்.

கருவி பீப் என்றது.

அட்டைக்குழாய் தரையில் கிடந்தது, பதினெட்டாம் எண் போட்டுவிட்டுப் போன இடத்திலேயே. அதற்குள் காற்று போகும் சத்தம் கேட்டது. மெல்லிய, தீனமான சத்தம்.

ஹூ... என்று.

திரையில் கோடு ஊரத் தொடங்கியது. மேலே பட்டியலில் எந்த எண் என்று காட்டும் இடத்தில் பதினேழு என்றிருந்தது.

ஆறு விநாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. முப்பது.

அப்போதுதான் வெயில் தூணைக் கவனித்தாள்.

மிதந்துகொண்டிருந்த பஞ்சுத்துகள்கள் ஓர் இடத்தில் மட்டும் மிதக்கவில்லை. முக்காலிக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வாய் இருக்கும் உயரத்தில், அவை விலகி ஓடின. யாரோ ஊதுவதுபோல நீளமாக, கூம்பாக விலகி, வெளிச்சத்தைக் கடந்து அவளை நோக்கி வந்தன. ஒன்றிரண்டு அவள் கன்னத்தில் வந்து ஒட்டின.

அவை வெதுவெதுப்பாக இருந்தன.

தைல வாடை மூக்கில் ஏறியது. அதற்கடியில் இன்னொரு வாடை, துருப்பிடித்த இரும்புபோல. நாற்பது விநாடி. ஐம்பது. உயிருள்ள எந்த நெஞ்சாலும் இத்தனை நேரம் ஊத முடியாது. கோடு எழும்பவில்லை. நிற்கவும் இல்லை. இந்த ஊதலில் ஒரு முயற்சி இருந்தது. எப்படியாவது ஒருதரம் நன்றாக ஊதிக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

நின்றது.

பிறகு மூச்சு வாங்கும் சத்தம். இழுத்து, இழுத்து, இழுத்து.

"இப்ப..."

குரல் அவ்வளவுதான் வந்தது. முக்காலி லேசாகக் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருப்பவர் ஆவலாக முன்னால் சாய்ந்ததுபோல.

"இப்ப நல்லா இருக்குதுங்களா, அம்மிணி?"

அனுப்ரியா வாசலுக்குப் பாய்ந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் வாசலில் கால் நின்றுவிட்டது.

வெளியே பெண்கள் இருந்தார்கள். மிஷின் நின்றதும் வேலையை விட்டு எழுந்து வந்தவர்கள், முப்பத்தொன்பது பேரும். வாயில் துணிகட்டி, தலையில் தூசி படிந்து, அரை வட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருந்தது. ஒருத்தரும் ஓடவில்லை. பதில் என்ன வரப்போகிறது என்று காத்து நிற்பதுபோல அவளையே பார்த்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் மறுபடி அந்த இழுப்பு.

"சொல்லுங்க அம்மிணி."

அவள் நாக்கில் பழைய வார்த்தை தானாகவே எழுந்து வந்தது. நல்லா இருக்குதுங்க. அதைச் சொல்லிவிட்டால் போதும், அது திருப்தியாகிப் போய்விடும் என்று உள்ளுக்குள் எதுவோ சொன்னது. அப்படிச் சொன்னால் மறுநாளும் சோற்று நேரத்தில் அது இங்கே வந்து உட்கார்ந்து பழகும். அதற்கு மறுநாளும் பழகும். அதையும் அவள் அறிந்தாள்.

திரும்பினாள். காலியான முக்காலியைப் பார்த்துப் பேசினாள்.

"நல்லா இல்லீங்க அக்கா."

துகள்கள் அசையாமல் நின்றன.

"தையிலயே நல்லா இல்லீங்க. எனக்குத் தெரியும். கோடு பாதிக்கும் கீழ எறங்கிக் கெடந்துச்சு. நீங்க சரியா ஊதாம இல்லீங்க, நீங்க நல்லாத்தான் ஊதுனீங்க. உங்க நெஞ்சுதான் போயிட்டிருந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். டாக்டர்கிட்டப் போயிருந்தா மாத்திரையிலயே நின்னுருக்கும். எம் படிப்பு நின்னுருமேன்னு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேனுங்க."

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு முக்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்த பாரம் எழுந்தது. வெயில் தூணில் ஓர் இருட்டு குறுக்கே கடந்தது. பஞ்சுத்துகள்கள் சுழன்று மெல்லத் தரையை நோக்கி இறங்கின.

அவளுக்குப் பின்னால் வாசலில் ஒரு பெண் வாய்த்துணியை அவிழ்த்தாள். பதினெட்டாம் எண்தான்.

"அப்ப எங்களுக்குங்க?" என்றாள். "எங்க நெஞ்சு எப்படி இருக்குதுன்னு யாரு சொல்லுவாங்க?"

அன்று மாலைவரை அனுப்ரியா அந்த அறை வாசலில், வெளியே, துணி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்பது பேருக்கும் அவரவர் கோட்டைக் காட்டினாள். தையில் இப்படி, இன்று இப்படி. மீதிப்பேரை அங்கேயே ஊதவைத்தாள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். ஏழு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "நாள் தள்ளாதீங்க, இந்த வாரமே டாக்டரைப் பாக்கோணும்" என்றாள். ஜெயபாண்டி ஒருதரம் வந்து, "முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டக் கிழிச்சிருவாரு மேடம்" என்றார். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "எனக்கும் ஒருக்கா ஊதிப் பாருங்களேன்" என்றார்.

வேல்குமாருக்கு அவளே போன் செய்து சொன்னாள். "அஞ்சு வருசத்த ஒரே நாள்ல கொளுத்திட்டயே அனு" என்றார். "யாரு சொன்னாங்கன்னு இப்படிப் பண்ணுன?"

"பழனாத்தாளுங்க சார்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். பட்டியலில் ‘தொடர்பில் இல்லை’ என்பதை அழித்தாள். ‘இறந்தார். ஆபத்து எங்களுக்குத் தெரியும். சொல்லவில்லை’ என்று எழுதினாள்.

பொழுது சாயும் நேரத்தில் மங்கலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் முன் நின்றாள். பழனாத்தாளின் மகள் தரணி அப்போதுதான் கம்பெனி வேனில் வந்து இறங்கியிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். திருப்பூரில் டைலராக இருக்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அனுப்ரியா தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்கதானுங்களா அது? உள்ள வாங்க. அம்மா உங்களப் பத்தி அத்தன சொல்லுமுங்க."

அனுப்ரியா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோடு, போன், பொய். பிற்பகலில் நடந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தனக்கு இரக்கம் கேட்பதுபோல ஆகிவிடும் என்று பட்டது.

தரணி அழவில்லை. அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு லீவு போட்டேனுங்க" என்றாள் கடைசியில். "மாசி மாசம். ஆட்டோவ வாசல்ல நிறுத்திட்டேன். அம்மா ஏறவே மாட்டேன்னுடுச்சு. படிச்ச பொண்ணு பொய் சொல்லுமாடீன்னு என்னைத்தான் திட்டுச்சு. நானும் நம்பிட்டேன். ஆட்டோவத் திருப்பி அனுப்பிட்டேன்." கயிறு விரலில் இறுகியது. "இத்தன நாளா நான்தான் அம்மாளக் கொன்னுட்டேன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க."

"உங்க மேல தப்பே இல்லீங்க. எம்மேலதான்."

"எழுதிக் குடுங்க."

தெருவிளக்கின் கீழ் நின்று அனுப்ரியா எழுதினாள். தேதி, அளவு, தனக்குத் தெரிந்தது, தான் சொன்னது. கையெழுத்துப் போட்டாள். தரணி அதை ஒருதரம் முழுக்கப் படித்து மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள். "இனி இந்த ஊட்டுப் பக்கம் வந்தராதீங்க."

கதவு சத்தமில்லாமல் மூடியது.

அடுத்த வாரம் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போயிற்று. ஆய்வு நிறுத்திவைக்கப்பட்டது. என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அனுப்ரியா அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டாள். அந்த ஏழு பெண்களையும் டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திருப்பூரில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவரிடம் போனாள். காலை பத்து மணி. கூட்டம் அதிகமில்லை. மருத்துவர் ஏழு பேருக்கும் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். பெண்கள் பக்கத்து அறையில் ஒவ்வொருவராகப் படமெடுத்துவிட்டு, வெளியே கடையில் டீ குடிக்கப் போனார்கள். போகும்போது ஒருத்தி என்னவோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று அனுப்ரியா நினைத்துக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு அவளுக்கே நெஞ்சு லேசாக இருந்தது.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் உறைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். சின்ன வயதுக்காரி. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"மேடம், எட்டும் ரெடிங்க."

"ஏழுதானுங்களே?"

"இல்லீங்க, எட்டு. கடைசியா ஒரு அம்மா வந்தாங்க. பேரு கேட்டதுக்கு உங்களக் கை காட்டுனாங்க. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக்கோன்னாங்க."

அனுப்ரியா தைல வாடை அடித்த எட்டாவது உறையைப் பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். விலா எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே நுரையீரல் இருட்டாகத் தெரிய வேண்டிய இடம் முழுவதும் வெள்ளை. மேலிருந்து கீழ்வரை ஒரு விரல்கடைகூட மிச்சமில்லாமல் அடைத்துக் கிடந்த வெள்ளை.

"மேடம்." அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்தது. "எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரித்தானுங்க சொன்னேன். மூச்ச நல்லா இழுத்து அப்படியே புடிச்சுக்குங்கன்னு. இழுத்தாங்க. படம் எடுத்தாச்சு, விட்டுருங்கன்னேன். விடலீங்க. மூணு தடவ சொல்லிட்டேன்."

"எப்ப?"

"அரை மணி நேரமாச்சுங்க. உள்ளயேதான் நிக்கறாங்க. பலகையில நெஞ்ச ஒட்டிட்டு." அவள் எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் விடலீங்க, மேடம்."

எக்ஸ்ரே அறைக் கதவு இறுகச் சாத்தியிருந்தது. அதன் மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.